தொண்டும் சம்பளமும்

(தொண்டு நிறுவன நிர்வாகிகளும் களப்பணியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நன்கொடைக்காகக் கடை ஏறி இறங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நீங்கள் அனைவரும் தவறாமல் எதிர்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. "நான் கொடுக்கிற காசு ஏழைங்களுக்குப் போகுமா, இல்ல உங்க ஸ்டாஃப் சம்பளத்துக்குப் போகுமா?" கேட்பவர் மீது தவறில்லை. உழைத்துச் சேர்த்த பணம், அவர் கேட்கத்தான் செய்வார். எனக்கு உறுத்துவது நாம் சொல்லும் பதில். "ஐயா, ஒரு பைசா கூட சம்பளத்துக்குப் போகாது" என்று கைகூப்பிச் சொல்கிறோம். அந்தப் பதிலை விசாரிக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு முதியோர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நன்கொடை என்பது அரிசியாகவும் போர்வையாகவும் வந்து இறங்குகிறது. அரிசியைச் சோறாக்க ஒருவர் வேண்டும். நள்ளிரவில் படுக்கையை நனைத்துவிட்ட பெரியவருக்கு முகம் சுளிக்காமல் துணி மாற்ற ஒருவர் வேண்டும். மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரிசையில் நிற்க ஒருவர், மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர், வந்த ரசீதையும் போன ரசீதையும் கணக்கில் ஏற்ற ஒருவர் வேண்டும். இவர்களை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டடமும் சில மூட்டைகளும்தான். ஏழைக்குப் போகும் காசு மனிதர் கைவழியாகத்தான் போகிறது. அந்த மனிதருக்குக் கொடுப்பது ஏழைக்குக் கொடுப்பதிலிருந்து கழித்த தொகை என்று நினைப்பதில்தான் நம் பிழை தொடங்குகிறது.

முதலில் நம் நிறுவனங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, ஆனால் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடியாக வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் பெயர் பதிவாளர் அலுவலகக் கோப்பில் இருக்கும், லெட்டர்பேடில் இருக்கும், சுவரொட்டியிலும் இருக்கும்.

இரண்டாவது வரிசையில் திட்ட ஒருங்கிணைப்பாளர், கணக்காளர், களப்பணியாளர், மாலை நேர வகுப்பு ஆசிரியை, சமையலர், ஓட்டுநர், ஆயா. இவர்கள் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். பல நிறுவனங்களில் அதிலும் இருக்காது, வவுச்சரில் இருக்கும். ஊர் மக்களைக் கேளுங்கள். தலைவரின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் "நம்ம ஸ்கூல் டீச்சரம்மா", "கணக்கு எழுதுற தம்பி" என்று இந்த இரண்டாம் வரிசையை வீட்டுப் பிள்ளைகளாக அடையாளம் சொல்வார்கள். ஊருக்கு நிறுவனம் என்பது அவர்கள்தான்.

தொண்டு என்றால் ஊதியமில்லாமல் செய்வது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு மதிக்கத்தக்க ஒரு வரலாறு இருக்கிறது. விடுதலைப் போராட்டக் காலத்தில் பொதுப்பணிக்கு வந்த முதல் தலைமுறையினர் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். தொழிலதிபர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகளான டாக்டர் சௌந்தரம், கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கினார், பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்திட்டார். இவர்கள் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள் அல்லர். அவர்களுடைய துறவு உண்மையானது. ஆனால் துறப்பதற்கு அவர்களிடம் ஏதோ ஒன்று இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடையாறு மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் இளம் மருத்துவரான சாந்தாவும்தான் அதைத் தோளில் சுமந்தவர்கள். அரசுப் பணி கைக்கு வந்தும் அதை விட்டுவிட்டு இங்கே வந்தவர் சாந்தா. தொடக்கத்தில் ஊதியம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும் கிடைத்தன. 1955 ஏப்ரலில் வளாகத்துக்குக் குடிவந்தவர், 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த மருத்துவமனையையே தன் வீடாக்கிக்கொண்டார். 2005இல் மகசேசே விருதும் 2016இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன.

இந்தக் கதையை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் எதற்காகச் சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். மாதக் கடைசியில் கைமாத்து வாங்கும் களப்பணியாளர் சம்பள உயர்வு கேட்டால், அவருக்கு முன்னால் சாந்தா அம்மையாரை நிறுத்துகிறோம். அம்மையார் அந்த வாழ்வைத் தானே தேர்ந்துகொண்டார். தான் தேர்ந்தால் அது தியாகம். ஒருவர் மேல் இன்னொருவர் சுமத்தினால் அதற்குப் பெயர் குறைந்த கூலி. இரண்டு பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டிய பெண்ணிடம் நாம் தியாகத்தை வேலை நிபந்தனையாக வைக்க முடியாது.

இனி மதுரைக்கு வருகிறேன். ஒரு தொண்டு நிறுவனம் தன் பணியாளர்களை எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு இரண்டு வேறுபட்ட விடைகள் அந்த ஊரிலேயே கிடைக்கின்றன.

முதலாவது, அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ.வெங்கடசாமி அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். 1976இல் அவர் தொடங்கியபோது படுக்கைகள் 11. உடன்பிறந்தவர்கள் தோள் கொடுத்தார்கள், நகைகளை அடகு வைத்தார்கள். இதுவரை வழக்கமான தியாகக் கதைதான். நம் பாடம் இதற்குப் பிறகு வருகிறது.

இந்தியாவில் கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம், அறுவை செய்யும் மருத்துவர்கள் குறைவு. மருத்துவர்களை ஒரே நாளில் பெருக்க முடியாது. எனவே மருத்துவரின் நேரத்தை வீணாக்காமல் காப்பது எப்படி என்று யோசித்தார்கள். பார்வையைச் சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடி அளவு எடுப்பது, நோயாளியை அறுவைக்குத் தயார் செய்வது, அறுவைக்குப் பின் கவனித்துக்கொள்வது, பயந்தவரிடம் உட்கார்ந்து பேசித் தைரியம் சொல்வது ஆகிய அத்தனையையும் பயிற்சி பெற்ற பெண்கள் ஏற்றார்கள். அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பி நின்று வேலையைத் தொடர வேண்டியதுதான். ஆண்டுக்கு 2,000 அறுவைகள் அளவுக்கு ஒரு மருத்துவரால் செய்ய முடிகிறதென்றால், அந்த எண்ணுக்குள் எத்தனை பெண்களின் கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

யார் அந்தப் பெண்கள்? பெரும்பாலும் கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்தவர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை, முடிந்ததும் வேலை. இந்தப் பயிற்சி முறையை வளர்த்தெடுத்தவர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியார். மருத்துவமனைப் பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பெண்கள்தான். காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாட்டைப் பற்றி உலகமெங்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். அந்த ஏற்பாடு நிற்பது இந்தப் பெண்களின் பயிற்சியின் மீது. இவர்களுக்குச் செலவழித்த பணத்தை 'நிர்வாகச் செலவு' என்று எந்தக் கணக்கரால் தனியே பிரித்து வைக்க முடியும்? பயிற்சியும் சம்பளமும்தான் அங்கே தொண்டு.

இரண்டாவது விடை, களஞ்சியம். 1990 வாக்கில் மதுரை வட்டாரத்தில் ஏழைப் பெண்களின் சிறுசேமிப்புக் குழுக்களாக வளரத் தொடங்கிய இயக்கம் அது. ஆமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் படித்த வாசிமலை அதன் பின்னணியில் இருந்தார். அந்த இயக்கத்தைத் தாங்கும் தானம் அறக்கட்டளை 1997இல் உருவாயிற்று. கிராமத்தில் குழு, அதற்கு மேல் தொகுப்பு, அதற்கு மேல் வட்டாரக் கூட்டமைப்பு என்று அடுக்கினார்கள். குழுக்கள் பெருகியதும் கணக்கு எழுத ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கணக்காளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பெண்களே கொடுப்பது என்று ஆயிற்று. தங்கள் சேமிப்பும் வட்டியும் புரளும் அமைப்பிலிருந்து, தங்கள் ஊர்ப் பக்கத்துப் படித்த பிள்ளைகளைத் தாங்களே வேலைக்கு அமர்த்தினார்கள்.

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் நிறுவனங்களில் களப்பணியாளர் யாருக்குப் பதில் சொல்கிறார்? ஒருங்கிணைப்பாளருக்கு. அவர் செயலாளருக்கு, செயலாளர் நன்கொடை தரும் அமைப்புக்கு. பயன்பெறும் மக்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை, அவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிறோம். களஞ்சியத்தில் கைநாட்டு வைக்கும் பெண் முதலாளி, பட்டம் படித்த கணக்காளர் பணியாளர். "தம்பி, போன மாச வட்டி எங்க வந்திருக்கு காட்டு" என்று அந்தப் பெண் கேட்கலாம், தம்பி காட்டியாக வேண்டும்.

அப்படிக் கேட்கப் பழகிய பெண்களில் ஒருவர்தான் சின்னப்பிள்ளை. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்து விவசாயக் கூலிப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிப்போகும் கொத்துத் தலைவியாக இருந்து, எல்லோருக்கும் கூலியைச் சரியாகப் பேசி வாங்கிப் பிரித்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர். அந்த நம்பிக்கைதான் அவரைக் களஞ்சியத்தின் தலைமைவரை கொண்டு போயிற்று. 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தலைமை என்றால் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அறிக்கை எழுதச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விடாமல் கேட்கும் மனம் சம்பளத்துக்குக் கிடைக்காது. தலைவர் எங்கிருந்து வர வேண்டும், பணியாளரை எதற்கு வைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் சின்னப்பிள்ளையின் வாழ்க்கை விடை சொல்கிறது.

இனிச் சட்டத்துக்கும் பணத்துக்கும் வருவோம். இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம்வரை செலவிடலாம். 2020 திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்தது. எது நிர்வாகச் செலவு என்று விதிகளில் பட்டியல் இருக்கிறது. நிர்வாகக் குழுவினரின் ஊதியம், மேலாண்மைப் பணியாளரின் சம்பளம், வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரிக்கும் செலவு எல்லாம் அதில் வரும். மருத்துவமனையின் மருத்துவர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் வராது. அரசே இங்கே ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. பணியைச் செய்பவரின் சம்பளம் பணியின் செலவுதான் என்று விதியே சொல்லும்போது, அதைக்கூட நம்மில் பலர் நன்கொடையாளரிடம் எடுத்துச் சொல்வதில்லை.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் இதே குழப்பம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. அது அந்தக் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு. திட்டத்தைக் களத்தில் நடத்துவதற்கான நேரடிச் செலவு அதற்குள் வராது. இது தெரியாமல், அந்த 5 சதவீதத்துக்குள் களப்பணியாளர் சம்பளத்தையும் அடக்கிக் காட்டித் திட்ட வரைவு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் கேட்காத சுருக்கத்தை நாமே நம் பணியாளர் வயிற்றில் செய்கிறோம்.

விளைவு என்ன? பணம் திட்டத்தோடு வருகிறது, திட்டத்தோடு போகிறது. மூன்று வருடத் திட்டத்துக்கு ஒரு பெண்ணை எடுக்கிறோம். முதல் வருடம் ஊரைப் புரிந்துகொள்கிறார். இரண்டாம் வருடம் ஊர் அவரை நம்புகிறது. மூன்றாம் வருடம் முடிவதற்குள் "பிராஜெக்ட் முடிஞ்சதும்மா, அடுத்தது வந்தா கூப்பிடுறோம்" என்று சொல்கிறோம். அவர் பின்னலாடை ஆலைக்கோ கடை வேலைக்கோ போய்விடுகிறார். எந்த வீட்டில் குடிகாரத் தகப்பன், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நிற்கப் போகிறது, யாரிடம் பேசினால் ஒரு சிறுமியின் கல்யாணம் நிற்கும் என்பதெல்லாம் எந்த அறிக்கையிலும் எழுதப்படாத அறிவு. அது அவரோடு போய்விடுகிறது. அடுத்த திட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்குகிறார்.

சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில நிறுவனங்களில் பணியாளர் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார், அவர் கைக்கு வேறொரு தொகை வருகிறது. மிச்சம் 'நிறுவனத்துக்கு அவர் தந்த நன்கொடை' என்று கணக்கில் ஏறுகிறது. கேட்டால் நிறுவனம் நடக்க வேண்டாமா என்கிறார்கள். இதற்கு நன்கொடையாளரின் கஞ்சத்தனமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடகைக்கும் தணிக்கைக்கும் யாரும் பணம் தராதபோது அது எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். ஆனால் அது நிறுவனத்திலேயே மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர் பையிலிருந்து வருவது அநீதி. கூலி உயர்வுக்காக ஊரில் பேரணி நடத்திவிட்டு, அலுவலகத்தில் இப்படிக் கையெழுத்து வாங்குகிற அமைப்பு எந்த முகத்தோடு மக்கள் முன் நிற்கும்?

சட்டத்தின் பாதுகாப்பும் இவர்களுக்கு மெலிந்துகொண்டே வருகிறது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பு, ஊதியத்துக்கு ஆள் வைத்து நடத்தும் பல அறநிறுவனங்களையும் 'தொழில்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நோக்கம் அறமாக இருந்தாலும் அங்கே உழைப்பவர் தொழிலாளிதான் என்பது அதன் சாரம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ, அறப்பணியிலும் சமூகப் பணியிலும் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. இனி நம் பணியாளர் வழக்காடி உரிமை பெறும் வழி குறுகும். அதனால் நம் மனசாட்சிக்கு வேலை கூடுகிறது.

கடைசியாக, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அறங்காவலர்களோடு சில வார்த்தை. நிறுவனத்தைத் தொடங்கியவர் அதற்காகச் சொத்தை, உடல்நலத்தை, குடும்ப நேரத்தை எல்லாம் கொடுத்திருப்பார். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை சட்டம் கேட்கும் தேர்தலை வீட்டுத் திண்ணையில் முடித்து, மனைவி பொருளாளர், மைத்துனர் துணைத் தலைவர் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினால், அங்கே இருபது ஆண்டு உழைத்த ஒருங்கிணைப்பாளருக்கு மேலே போக இடம் ஏது? அறக்கட்டளையாகப் பதிந்த இடங்களில் பொதுக்குழுவே பெரும்பாலும் இருப்பதில்லை, பத்திரத்தில் எழுதியதுதான் சட்டம். அங்கே இந்தச் சிக்கல் இன்னும் இறுகியிருக்கும்.

அடையாறு மருத்துவமனைக்கே திரும்பிப் பாருங்கள். 1980இல் இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் சாந்தா. அவர் முத்துலட்சுமி ரெட்டியின் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர், அங்கே வேலைக்கு வந்தவர். நிறுவனரின் மகனான கிருஷ்ணமூர்த்தி அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் உயிரோடு இருந்தார், 2010இல்தான் மறைந்தார். தொடங்கியவர் வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தபோதும் மருத்துவமனை வளர்ந்துகொண்டேதான் இருந்தது. அரவிந்தில் குடும்பத்தினரே பொறுப்பேற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்து, அறுவை மேசையில் நின்று உழைத்த பிறகே பொறுப்புக்கு வந்தார்கள். வேலை தெரிந்தவரிடம் பொறுப்பு போக வேண்டும் என்பதே இரண்டிடத்திலும் பார்க்கும் ஒழுங்கு. உறவு அதற்குத் தகுதியும் இல்லை, தடையும் இல்லை.

எனவே மூன்று வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

நன்கொடை தருபவர்களுக்கு: அடுத்த முறை "சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்கள் களப்பணியாளர் எத்தனை ஆண்டாக இருக்கிறார்? அவருக்கு என்ன தருகிறீர்கள்? வருங்கால வைப்பு நிதி பிடித்துக் கட்டுகிறீர்களா?" என்றும் கேளுங்கள். நல்ல நிறுவனத்தை அடையாளம் காண அன்னதானப் புகைப்படத்தைவிட இந்தக் கேள்விகள் உதவும்.

நிர்வாகிகளுக்கு: ஆண்டறிக்கையில் சமையலர்வரை எல்லாப் பணியாளர்களின் பெயரையும் அச்சிடுங்கள். நிர்வாகக் குழுவில் பணியாளர் சார்பில் ஒருவரும் பயன்பெறும் மக்கள் சார்பில் ஒருவரும் உட்காரட்டும். கையெழுத்தில் உள்ள தொகையும் கையில் சேரும் தொகையும் ஒன்றாக இருக்கட்டும். "ஒரு பைசா கூட சம்பளத்துக்குப் போகாது" என்ற பொய்யை இன்றோடு விட்டுவிடுங்கள். "ஆம் ஐயா, சம்பளத்துக்குத்தான் போகிறது, அந்தச் சம்பளம்தான் உங்கள் காசை ஏழை வீட்டுக்குக் கொண்டு சேர்க்கிறது" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

பணியாளர்களுக்கு: சம்பளம் கேட்பதால் உங்கள் தொண்டு குறைந்துவிடாது. கூச்சப்படாமல் கேளுங்கள். அதே கூச்சமின்மையோடு ஊர் மக்கள் உங்களிடம் கணக்குக் கேட்கும்போது கணக்கையும் காட்டுங்கள். ஊருக்குக் கணக்குக் காட்டுகிற பணியாளரும், பணியாளருக்கு நியாயமான கூலி தருகிற நிர்வாகமும் சேர்ந்தால்தான் தொண்டு நிறுவனம் என்ற பெயருக்கு நாம் தகுதியாவோம்.